பேண்டஸி பேஸ்பால் ஆட வந்திருக்கீங்களா? பத்துல ஆறு ஜெயிச்சா போதும்

பேண்டஸி பேஸ்பால்னா எம்எல்பில, அதாவது அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால்ல, ஆடற நிஜ ஆளுங்கள வச்சு நாமளே ஒரு கற்பனை டீம் போடறது, அவங்க நிஜ மேட்ச்ல பண்றது நம்ம கணக்குல ஏறும். போன மார்ச்ல எங்க லீக்ல ஒரு இடம் காலியாச்சு. பத்து பேர் லீக், ஒன்பது பேர வச்சு ஓட்ட முடியாது, அதனால ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன காபி வாங்கி குடுத்து உள்ள இழுத்து போட்டோம். ட்ராஃப்ட்ல, அதாவது சீசனுக்கு முன்னாடி முறை வச்சு ஆள் பிரிக்கறப்ப, பய நல்லாத்தான் எடுத்தான், முத ரவுண்ட்லயே ஆரன் ஜட்ஜ் மாட்டிட்டாரு, எங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சுது. ஆனா முத முழு வாரம் பத்துல ரெண்டு மட்டும் எடுத்து 2-8ன்னு தோத்தான். திங்கக்கிழமை லன்ச்ல வந்து உக்காந்து, "அண்ணா, டீம் என்னோடது தான நல்லா இருக்கு, ஜட்ஜ் மூணு ஹோம் ரன் அடிச்சாரு, அப்புறம் எப்படிண்ணா தோத்தேன்?"னு கேட்டான். வாரம் பூரா நீ எத்தன தடவ ஆப்ப திறந்தன்னு கேட்டேன். ரெண்டு தடவையாம்.

அன்னிக்கு அவனுக்கு டிஷ்யூ பேப்பர்ல எழுதி காட்டினதத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன். ட்ராஃப்ட் பத்தி ஆளாளுக்கு சொல்லுவாங்க, ட்ராஃப்ட் முடிஞ்ச அப்புறம் ஒரு வாரத்த எப்படி ஓட்றதுன்னு தான் யாரும் சொல்றதில்ல.

முதல்ல வாரம்னா என்னன்னு பாத்துடுவோம். திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஒருத்தரோட நீங்க மோதறீங்க, அடுத்த வாரம் வேற ஒருத்தர். ஐபிஎல் பேண்டஸி மாதிரி எல்லாத்தையும் கூட்டி ஒரே ஒரு நம்பர்ல நிக்காது. சாதாரணமா பத்து கேட்டகரி இருக்கும். பேட்டிங்ல ரன், ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஆர்பிஐ (இவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்), ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காமலே ஓடி அடுத்த பேஸ, அதாவது அடுத்த மூலைய, புடிக்கறது, ஸ்டீல்னும் சொல்லுவாங்க), ஆவரேஜ் (எத்தன தடவ ஆடினதுல எத்தன ஹிட்). பிட்சிங்ல, அதாவது நம்ம பவுலிங்ல, வின் (டீம் ஜெயிச்சா ஒரு பிட்சர் பேர்ல ஏறறது), சேவ் (லீட காப்பாத்தி மேட்ச முடிக்கறது), ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர அவுட்டாக்கறது), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தன ரன் குடுத்தாங்க), விப் (ஒரு இன்னிங்ஸுக்கு எத்தன ஹிட்டும், தப்பா போட்டு சும்மா பேஸ் குடுக்கற வாக்கும்). கடைசி ரெண்டும் குறைவா இருக்கறவன் ஜெயிப்பான். ஒவ்வொண்ணும் தனித்தனி சண்டை. ஹோம் ரன்ல நீங்க 14, அவன் 3ன்னாலும் உங்களுக்கு ஒண்ணுதான், 4-3ன்னு ஜெயிச்சாலும் அதே ஒண்ணுதான். இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிட்டா பாதி கிணறு தாண்டியாச்சு, ஏன்னா புதுசா வர்றவங்க எல்லாருமே ஏற்கெனவே ஜெயிச்ச கேட்டகரிலயே மேல மேல கொட்டிட்டு இருப்பாங்க. பத்தும் வேண்டாம். ஆறு எதுன்னு பாத்து அத மட்டும் புடிங்க.

ஒரு குட்டி வரலாறு. இந்த விளையாட்டு இப்ப இருக்கற வடிவத்துக்கு வந்தது 1980ல, டேனியல் ஓக்ரென்ட்னு ஒரு எழுத்தாளர், நியூயார்க்ல லா ரோட்டிஸ்ரி ஃப்ரான்சேஸ்னு ஒரு ரெஸ்டாரன்ட்ல நண்பர்களோட உக்காந்து ஆரம்பிச்சது, அதனாலதான் பழைய ஸ்டைல இன்னைக்கும் ரோட்டோன்னு சொல்றாங்க. அதுல சீசன் பூரா சேத்து கணக்கு பாப்பாங்க. அறிவாளித்தனமான ஆட்டம் தான், ஒத்துக்கறேன், ஆனா நண்பர்களுக்குள்ள ஆடறதுன்னா வாரா வாரம் ஒருத்தன கலாய்க்க ஆள் வேணும்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ் பக்கத்த படிங்க

யாரும் படிக்க மாட்டாங்க, நானும் படிக்கல, அதுக்கு அனுபவிச்சேன். நாலஞ்சு விஷயம் கண்டிப்பா பாருங்க. கேட்டகரியா பாயிண்ட்ஸா? கேட்டகரின்னா 6-4ன்னு ஜெயிச்சா டேபிள்ல ஆறு வின் நாலு லாஸ் ஏறுமா, இல்ல மொத்தமா ஒரே ஒரு வின் தானா? ஆறும் நாலும் ஏறற லீக்ல 4-6ன்னு தோத்தா பெரிய நஷ்டமில்ல, 1-9 தான் ஆள கொல்லும். ஒரே வின் லீக்ல எப்படி தோத்தாலும் ஒண்ணுதான், அதனால ரிஸ்க் எடுக்கலாம். லைன்அப், அதாவது உங்க டீம்ல யார் ஆடறது யார் பெஞ்ச்ல உக்கார்றதுன்னு, தினமும் மாத்தலாமா, இல்ல திங்கக்கிழமையே பூட்டிடுமா? ஒரு வாரத்துக்கு எத்தன ஆள புதுசா எடுக்கலாம்? யார் டீம்லயும் இல்லாத ஆள எடுக்க வெய்வர்னு ஒரு வரிசைல நிக்கணுமா, இல்ல சீசனுக்கு 100 டாலர் போலி காசு குடுத்து ஏலம் கேக்க சொல்றாங்களா?

அப்புறம் மினிமம் இன்னிங்ஸ். இங்க ஒரு இன்னிங்ஸ்னா பிட்சருக்கு மூணு அவுட். எங்க லீக்ல வாரத்துக்கு 20 இன்னிங்ஸ் உங்க பிட்சர்ஸ் போட்டாகணும், இல்லன்னா ஈஆர்ஏவும் விப்பும் தானா எதிராளிக்கு போயிடும். ரெண்டு வருஷம் முன்னாடி சனிக்கிழமை வரைக்கும் என் ஈஆர்ஏ ஒண்ணரை, கெத்தா ஞாயித்துக்கிழமை எல்லாரையும் பெஞ்ச்ல உக்கார வச்சிட்டு தூங்க போயிட்டேன். 19.1 இன்னிங்ஸ். அதாவது பத்தொன்பது இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். ரெண்டே ரெண்டு அவுட் குறைஞ்சுது, ரெண்டு கேட்டகரி போச்சு.

அந்த புள்ளி கணக்கு நம்ம ஆளுங்கள குழப்பும், சொல்லிடறேன். கிரிக்கெட்ல 5.2 ஓவர்னா அஞ்சு ஓவர் ரெண்டு பால், ஆறுல ரெண்டு. இங்க 5.2 இன்னிங்ஸ்னா அஞ்சு இன்னிங்ஸ் ரெண்டு அவுட், மூணுல ரெண்டு. அதுக்கு மேல ஒரே ஒரு அவுட் எடுத்தா ஆறு.

திங்கக்கிழமை காலைல: மேட்ச் எண்ணுங்க

எம்எல்பில 30 டீம், ஒவ்வொண்ணும் சீசன்ல 162 மேட்ச். ஆனா எல்லா வாரமும் எல்லா டீமும் ஒரே எண்ணிக்கைல ஆடாது. திங்களும் வியாழனும் பல டீம் ஊர் மாறிட்டு இருக்கும், அன்னிக்கு லீவு. அதனால ஒரு டீமுக்கு ஏழு மேட்ச் இருக்கும், இன்னொண்ணுக்கு அஞ்சு தான் இருக்கும். சுமாரான பேட்டர் ஏழு மேட்ச் ஆடறது, நல்ல பேட்டர் அஞ்சு மேட்ச் ஆடறதுக்கு சமமா வர்ற வாரம் நிறைய உண்டு. ரன், ஆர்பிஐ ரெண்டும் எண்ணிக்கை விளையாட்டு, அதிக தடவ மட்டைய தூக்கினவன் பக்கம்தான் சாயும்.

அடுத்து பிட்சர். ஸ்டார்ட்டிங் பிட்சர், அதாவது மேட்ச முதல்ல இருந்து போட வர்றவர், பொதுவா அஞ்சு நாளைக்கு ஒரு தடவ தான் போடுவார். திங்கக்கிழமை போட்டவர் சனிக்கிழமை, செவ்வாய் போட்டவர் ஞாயிறு, இப்படி ஒரே வாரத்துல ரெண்டு தடவ வர்றவங்கள டூ-ஸ்டார்ட் பிட்சர்னு சொல்லுவாங்க. எந்த நாள் யார் போட வாய்ப்புன்னு எம்எல்பி சைட்லயே ப்ராபபிள் பிட்சர்ஸ்னு லிஸ்ட் போடுவாங்க, திங்கக்கிழமை காலைல அத பாக்கறது தான் முத வேலை. ஆனா கண்ண மூடிட்டு நம்பாதீங்க. நடுவுல ஒரு லீவு வந்தாலே சனிக்கிழமை போடறவர் ஞாயிறுக்கு நகந்துடுவார், ஞாயிறு போடறதா இருந்தவர் அடுத்த வாரத்துக்கு போயிடுவார். டாட்ஜர்ஸ் மாதிரி டீம்ல ஆறு பேர் சுத்துல வருவாங்க, அவங்க பிட்சர் யமமோட்டோ ஜப்பான்ல வாரத்துக்கு ஒரு தடவ போட்டு பழகினவர், அவருக்கு இங்கயும் அனேகமா கூடுதல் ரெஸ்ட் குடுப்பாங்க, அவர் வாரத்துல ரெண்டு தடவ வருவார்னு காத்திருக்கறது வீண்.

எந்த ஊர்ல போடறாங்கன்னும் பாத்துக்குங்க. டென்வர்ல கூர்ஸ் ஃபீல்டுனு ஒரு மைதானம், கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட ஒரு மைல் உயரம். காத்து லேசா இருக்கறதால அடிச்ச பந்து இன்னும் கொஞ்ச தூரம் பறக்கும், பிட்சர் வளைச்சு போடற பந்து அவ்ளோவா வளையாது. அங்க போடற பிட்சர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் நான் ரெண்டு தடவ யோசிப்பேன், அங்க ஆட போற பேட்டர்னா அன்னிக்கு தயங்கவே மாட்டேன்.

இதெல்லாம் முடிச்சிட்டு எதிராளி டீம திறந்து பாருங்க. இத நிறைய பேர் சீசன் பூரா ஒரு தடவ கூட பண்றதில்ல. அவன்கிட்ட க்ளோசர், அதாவது கடைசில வந்து மேட்ச முடிச்சு சேவ் வாங்கற பிட்சர், எத்தன பேர்? ஓடற ஆளு எத்தன பேர்? நாலு க்ளோசர் வச்சிருக்கறவன்கிட்ட போய் சேவ்ல சண்டை போடாதீங்க, அத திங்கக்கிழமையே தத்தம் பண்ணிடுங்க, அந்த எடத்துல ஒரு ஸ்டார்ட்டர போட்டா ஸ்ட்ரைக்அவுட்டும் வின்னும் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

ஒவ்வொரு கேட்டகரிக்கும் ஒரு குணம் உண்டு

ஹோம் ரன் தான் ராஜா. ஏன்னா ஒரு ஹோம் ரன் அடிச்சா ஹோம் ரன், ரன், ஆர்பிஐ, ஆவரேஜ்னு நாலு கேட்டகரில ஒரே அடில ஏறும். ஸ்டோலன் பேஸ் அப்படி இல்ல, தனியா நிக்கும். அதுலயும் 2023ல ரூல மாத்தினாங்க, பேஸ் அளவு 15 இன்ச்ல இருந்து 18 இன்ச் ஆச்சு, ஒரு பேட்டர் நிக்கும்போது பிட்சர் ரெண்டு தடவைக்கு மேல பேஸுக்கு பந்த எறிஞ்சோ, போடற எடத்துல இருந்து கால எடுத்தோ, ஓடறவன மிரட்ட முடியாது, மூணாவது தடவ முயற்சி பண்ணி ஆள அவுட் ஆக்கலன்னா அவன் சும்மாவே அடுத்த பேஸுக்கு போயிடுவான். 2022ல மொத்தமா 2,486 ஸ்டீல், 2023ல 3,503. முன்ன மாதிரி ஓடற ஆள் ஒருத்தன வச்சிட்டு வாரத்த ஜெயிக்கறது இப்ப கஷ்டம், எதிராளியும் சும்மாவே அஞ்சாறு எடுத்துடுவான். எல்லி டி லா க்ரூஸ் மாதிரி ஆள் உங்ககிட்ட இருந்தாலும் கூட ஒருத்தர் வேணும், அவர் 2024ல 67 ஸ்டீல் எடுத்தார்.

வின் இருக்கே, அது சுத்த லாட்டரி. 2025ல பால் ஸ்கீன்ஸ் ஈஆர்ஏ 1.97, சிறந்த பிட்சருக்கு குடுக்கற நேஷனல் லீக் சை யங் அவார்டே வாங்கினார், அவரோட கணக்கு 10 வின் 10 லாஸ். அவர் டீம் பிட்ஸ்பர்க் ரன்னே அடிக்கலன்னா அவர் என்ன பண்ணுவார் பாவம். அதோட ஸ்டார்ட்டர் அஞ்சு இன்னிங்ஸ் முடிக்கலன்னா வின்னே கிடையாது. அதனால வின்ன துரத்தாதீங்க, நல்ல டீம்ல இருக்கற நல்ல பிட்சர வச்சிட்டு விதி விட்ட வழின்னு இருங்க. சேவ் வேணும்னா பொதுவா மூணு ரன் லீடுக்குள்ள க்ளோசர் கடைசி இன்னிங்ஸ் வந்து முடிக்கணும், அதாவது டீம் ஜெயிக்கவும் செய்யணும், ரொம்ப அடிச்சு ஜெயிச்சிடவும் கூடாது. ஒரு வாரம் நாலு வரும், அடுத்த வாரம் சைபர்.

ஈஆர்ஏவும் விப்பும் தான் புதுசா வர்றவங்கள கவுக்கற எடம், அதுக்கு ஞாயித்துக்கிழமை வருவோம்.

நடுவுல ஒண்ணு, பேட்டிங் பிட்சிங் ரெண்டும் பண்ற ஓட்டானி. யாஹூ பேண்டஸி ஆப்புல அவர் பேட்டர் தனி, பிட்சர் தனி, ரெண்டு ஆளா இருப்பார். தம்பி பேட்டர் ஓட்டானிய ட்ரேடுல வாங்கிட்டு பிட்சிங் ஸ்டாட்ஸ் ஏன் வரலன்னு லீக்க நடத்தற கமிஷனர்கிட்ட சண்டைக்கு போனான், பிட்சர் ஓட்டானி என் டீம்ல இருக்கார் தம்பின்னு நான் சொன்னப்ப அவன் மூஞ்ச பாக்கணுமே.

செவ்வாய்ல இருந்து வியாழன் வரை: தினம் அஞ்சு நிமிஷம்

பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா இதுதான் தம்பி விட்ட எடம். அந்த வாரம் அவன் டீம்ல பெஞ்ச்ல இருந்தவங்க மட்டும் நாலு ஹோம் ரன் அடிச்சிருக்காங்க, லீவுல இருந்த ரெண்டு பேர் லைன்அப்ல உக்காந்திருக்காங்க. மேட்ச் ஆரம்பிக்க சில மணி நேரம் முன்னாடி ஒவ்வொரு டீமும் அன்னிக்கு ஆடற ஒன்பது பேர் லிஸ்ட விடும், ஆப்புல பேர் பக்கத்துல அடையாளம் வந்துடும். உங்க ஆள் இல்லன்னா வேற ஆள போடுங்க. இடது கை பேட்டர் சில பேர் எதிர்ல இடது கை பிட்சர் வந்தா உக்காந்துடுவாங்க, அத முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிக்கலாம்.

புதன், வியாழன் மத்தியான மேட்ச் ஜாக்கிரதை. டீம் அன்னிக்கு ராத்திரி ஊர் கிளம்பணும்னா பகல்லயே ஆடி முடிச்சிடுவாங்க, பன்னெண்டரைக்கெல்லாம் கூட ஆரம்பிக்கும். சாயங்காலம் பாத்துக்கலாம்னு மீட்டிங்ல உக்காந்திருந்தா போச்சு. எனக்கு புதன்கிழமை காலைல பதினோரு மணிக்கு போன்ல அலாரம் இருக்கு, வீட்ல ஏதோ மாத்திரை சாப்பிடற அலாரம்னு நினைச்சிட்டு இருக்காங்க.

அடிபட்ட ஆளுங்க விஷயம். பேட்டர்னா குறைஞ்சது பத்து நாள் ஐஎல், அதாவது அடிபட்டவங்க லிஸ்ட், பிட்சர்னா பதினஞ்சு நாள். எம்எல்பி அவர ஐஎல்ல போட்டதும் உங்க டீம்லயும் ஐஎல் ஸ்லாட்டுக்கு தள்ளிடுங்க, ஒரு இடம் ஃப்ரீயாகும். இத பண்ணாம அடிபட்டவர பெஞ்ச்லயே வச்சிருக்கறவங்க எங்க லீக்ல பழைய ஆளுங்கள்லயே ரெண்டு பேர் உண்டு, பேர் சொல்லல.

வெள்ளிக்கிழமை: மூணா பிரிங்க

வெள்ளிக்கிழமை காலைல ஸ்கோர திறந்து பத்து கேட்டகரியையும் மூணா பிரிச்சிடுங்க. ஜெயிச்சாச்சு, தோத்தாச்சு, ரெண்டுங்கெட்டான். ஹோம் ரன்ல ஏழு பின்னாடி இருக்கீங்கன்னா மறந்துடுங்க. ஸ்டீல்ல ரெண்டு பின்னாடின்னா அது ரெண்டுங்கெட்டான், இப்ப உங்ககிட்ட பாக்கி இருக்கற ஆள் மாத்தற வாய்ப்ப அதுல செலவு பண்ணுங்க, வெய்வர்ல ஓடற ஆளா ஒருத்தர எடுத்து மூணு நாள் ஆட விட்டு திங்கக்கிழமை அனுப்பிடலாம். அடிக்கவே மாட்டார், ஆவரேஜ் இடிக்கும், பரவால்ல, ஆவரேஜ ஏற்கெனவே தோத்திருந்தீங்கன்னா அத பத்தி கவலையே இல்ல. எல்லாரும் வாய்ப்ப செவ்வாய்க்கிழமையே செலவு பண்ணிட்டு வாரக் கடைசில கைய பிசைவாங்க. நான் எப்பவும் ரெண்டு மிச்சம் வைப்பேன்.

ஆவரேஜ் எவ்ளோ நகரும்னு ஒரு அளவு மனசுல இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்க ஆளுங்க 150 அட்-பேட்ல, அதாவது கணக்குல ஏறற 150 தடவ ஆடினதுல, 42 ஹிட்னா 0.280. ஒருத்தன் நாலுக்கு சைபர் அடிச்சா 0.273. ஏழு பாயிண்ட் போச்சு. எதிராளி 0.276ல இருந்தா அந்த ஒருத்தன் உங்கள கவுத்துட்டான்.

ஞாயித்துக்கிழமை

ஞாயிறு மேட்ச் பெரும்பாலும் மத்தியானம், ஈஸ்டர்ன் டைம் ஒண்ணரை மணிக்கு ஆரம்பிச்சுடும். நியூ ஜெர்சில அந்த நேரத்துல நான் பொண்ண தமிழ்ப் பள்ளில விட்டுட்டு கார்ல உக்காந்திருப்பேன், என் வாரம் பாதி அந்த பார்க்கிங் லாட்ல தான் முடிவாகும். சனி ராத்திரி மேட்ச் ஆடிட்டு ஞாயிறு பகல்ல மேட்ச்னா கேட்சர்ங்களுக்கு (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) ரெஸ்ட் குடுப்பாங்க, அதனால முதல்ல கேட்சர பாருங்க. கால் ராலி மாதிரி ஆள்னா கேட்சரா நிக்காத நாள்லயும் டிஹெச்சா, அதாவது ஃபீல்டிங் இல்லாம பேட்டிங் மட்டும் பண்றவரா, வந்து அடிப்பார், 2025ல 60 ஹோம் ரன், அவர வச்சிருந்தவன் கவலைப்படாம தூங்கினான். மத்தவங்களுக்கு அந்த குடுப்பினை இல்ல.

இப்ப ஈஆர்ஏ கதை. போன ஜூன்ல ஒரு ஞாயிறு, என்கிட்ட 20 இன்னிங்ஸ் முடிஞ்சிருக்கு, 6 ரன் குடுத்திருக்கோம், ஈஆர்ஏ 2.70. ஹிட்டும் வாக்கும் சேத்து 22, விப் 1.10. எதிராளி ஈஆர்ஏ 3.40, விப் 1.21, அவனுக்கு பிட்சர் யாரும் மிச்சமில்ல. ஸ்ட்ரைக்அவுட்ல நான் பன்னெண்டு முன்னாடி. வின்ல ரெண்டு முன்னாடி. மினிமம் இன்னிங்ஸும் தாண்டியாச்சு. எனக்கு ஒரு ஸ்டார்ட்டர் பாக்கி. அவர போட வேண்டிய அவசியமே இல்ல, ஏன்னா அவரால ஜெயிக்க ஒண்ணும் இல்ல, இழக்க ரெண்டு இருக்கு. ஆனா என்ன பண்ணேன், நல்ல பிட்சர் ஆச்சே, பெஞ்ச்ல உக்கார வச்சா மனசு கேக்கலன்னு போட்டேன். நாலு இன்னிங்ஸ், அஞ்சு ரன், ஒன்பது பேர் பேஸ்ல ஏறிட்டாங்க. 24 இன்னிங்ஸ்ல 11 ரன், ஈஆர்ஏ நாலுக்கு மேல போயிடுச்சு, விப் 1.29. 7-3ன்னு இருந்தது 5-5 ஆச்சு. பொண்ணு வந்து கார் கதவ திறந்து "அப்பா ஏன் இப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா.

அதனால ஞாயிறு காலைல ஒவ்வொரு பிட்சருக்கும் இந்த ஒரே கேள்விய கேளுங்க: இவர் நல்லா போட்டா எனக்கு புதுசா என்ன கிடைக்கும், மோசமா போட்டா என்ன போகும்? தோத்துட்டு இருந்தா கணக்கு தலைகீழ். ஈஆர்ஏ ஏற்கெனவே கைய விட்டு போச்சுன்னா கிடைக்கற ஸ்டார்ட்டர் எல்லாரையும் அள்ளி போடுங்க, ஸ்ட்ரைக்அவுட்டயும் வின்னயும் புடிக்க பாருங்க, ரன் எவ்ளோ குடுத்தா என்ன.

ராத்திரி டிவிக்காக ஒரு மேட்ச் தனியா வச்சிருப்பாங்க, ஏழு மணி சுமாருக்கு. பகல் மேட்ச் எல்லாம் முடிஞ்சதும் ஸ்கோர பாத்துட்டு அந்த ஒரு மேட்ச்ல ஆடற ஆள் யாராவது வெய்வர்ல சும்மா இருக்காங்களா, அன்னிக்கு எடுத்தா அன்னிக்கே ஆட விடற லீக்கான்னு பாருங்க. ஒரு ஆர்பிஐல டை நிக்கற வாரத்துல இது உதவியிருக்கு.

ஆல்-ஸ்டார் ப்ரேக்னு எல்லா டீமுக்கும் ஒரு லீவு ஜூலை நடுவுல வரும், பல லீக்ல அந்த வாரத்த பக்கத்து வாரத்தோட சேத்து ஒரே மேட்ச்-அப்பா ஆக்கிடுவாங்க, மினிமம் இன்னிங்ஸும் ஆள் மாத்தற எண்ணிக்கையும் அப்ப மாறுமான்னு கமிஷனர்கிட்ட கேட்டுக்குங்க. செப்டம்பர்ல நம்ம பேண்டஸி லீக் ப்ளேஆஃப், அப்ப எம்எல்பில அவங்க டிவிஷன ஜெயிச்சிட்ட டீமெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு ரெஸ்ட் குடுக்க ஆரம்பிக்கும், அது வேற தலைவலி.

கடைசியா ஒண்ணு. மேட்ச் முடிஞ்ச அப்புறமும் எம்எல்பி ஸ்கோரர் முடிவு மாறலாம். ஹிட்டுனு குடுத்தத எர்ரர்னு, அதாவது ஃபீல்டர் தப்புன்னு, மாத்துவாங்க, ரெண்டு நாள் கழிச்சு ஆப்புல ஆவரேஜ் நகரும், ஈஆர்ஏ நகரும், ஜெயிச்ச வாரம் டை ஆகும். அதனால ஞாயிறு ராத்திரியே வாட்ஸ்அப் க்ரூப்ல எதிராளி மூஞ்சிய வச்சு மீம் போடாதீங்க, புதன்கிழமை வரைக்கும் பொறுங்க. நான் போட்டுட்டு டெலீட் பண்ணிருக்கேன், அந்த டெலீட்டட் மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தம்பி அவன் டீம் லோகோவாவே வச்சிருக்கான்.